ஜன்னலோரம் இருந்த பூனை ஏன் பாய்ந்தது? இனி வரும் பத்து நாளில் செய்ய வேண்டியவை

கேள்வி சுருக்கமாக இது: பாலக்கோடு பக்கம் பட்டுப்புழு மனையோடு சேர்ந்த ஓட்டு வீடு. எலிக்காக வளர்க்கும் மூன்று வயது நாட்டுக் கடுவன் பூனை, இன்னும் கருத்தடை ஆபரேஷன் செய்யவில்லை, ஊசியும் போட்டதில்லை. முந்தாநாள் பொழுது சாயும் நேரம் ஜன்னல் திண்டில் உட்கார்ந்து வெளியே பார்த்தபடி உறுமிக்கொண்டிருந்தது. பால் சொம்போடு அந்தப் பக்கம் போன அம்மாவின் கெண்டைக்காலில் பாய்ந்து கடித்துவிட்டது. நான்கு பல் ஓட்டை, ரத்தமும் வந்தது. மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துப் போட்டு, மறுநாள் டி.டி. ஊசி மட்டும் போட்டிருக்கிறார்கள். இன்னும் அம்மாவைக் கண்டாலே சீறுகிறது, மற்றவர்களை ஒன்றும் செய்வதில்லை. வெறி பிடித்துவிட்டதா, சாக்கில் கட்டி ஒகேனக்கல் காட்டுப் பக்கம் விட்டுவிடலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது.

முதலில் அம்மாவின் கால், பிறகுதான் பூனை. சாக்கை எடுத்து மடித்து வையுங்கள். அந்தப் பூனை இப்போது உங்கள் கண் முன்னால் இருந்தாக வேண்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

டி.டி. ஊசி ரணஜன்னிக்கு மட்டும்தான். அதற்கும் வெறிநோய்க்கும் சம்பந்தமில்லை. விலங்குக் கடியை டாக்டர்கள் மூன்று வகையாகப் பிரிப்பார்கள், ரத்தம் வந்த கடி மிகக் கடுமையான மூன்றாம் வகையில் சேரும். மூன்றாம் வகைக்கு வெறிநோய்த் தடுப்பூசி மட்டும் போதாது, கடிவாயிலேயே போடும் இம்யூனோகுளோபுலினும் வேண்டும். தடுப்பூசி வேலை செய்து உடம்பில் எதிர்ப்பு உண்டாக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை காயத்தில் இருக்கும் கிருமியைத் தடுத்து நிறுத்துவது இந்த மருந்துதான். மூன்று நாள் ஆகிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம், இன்றைக்கே போங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தடுப்பூசி இலவசம். இம்யூனோகுளோபுலின் அங்கே இல்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுப்பார்கள், உங்களுக்குத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. முதல் தடுப்பூசி போட்ட நாளிலிருந்து ஏழு நாள் வரைதான் அதைப் போடலாம், தள்ளிப்போட முடியாது. தடுப்பூசி தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் வரும். தசையில் போடும் இடங்களில் 0, 3, 7, 14, 28. முதல் ஊசி போடும் நாள்தான் 0. முன்பு எப்போதாவது நாய்க்கடிக்கு முழு ஊசியும் போட்டிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், 0, 3 என்று இரண்டு ஊசியோடு முடிந்துவிடும், இம்யூனோகுளோபுலினும் தேவைப்படாது.

சுண்ணாம்பை எடுத்துவிடுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள், எருக்கம்பால் எதுவானாலும் புண்ணை அரித்து ஆழப்படுத்துமே தவிர கிருமியைக் கொல்லாது. கொல்வது சோப்பு. வெறிநோய்க் கிருமியின் மேல் கொழுப்பாலான உறை ஒன்று உண்டு, சாதாரணத் துணி சோப்பே அதைக் கரைத்துவிடும். குழாய் இருந்தால் குழாயடியில், இல்லையென்றால் ஒருவர் செம்பில் மொண்டு ஊற்ற இன்னொருவர் நுரையைத் தேய்த்துக் கழுவ வேண்டும், கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிடம். அன்றைக்குச் செய்யாவிட்டால் இன்று செய்யுங்கள். பிறகு பொவிடோன் அயோடின் தடவி, கட்டுப் போடாமல் திறந்து விடுங்கள்.

பூனைக்கடியில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. நாய்ப் பல் கிழிக்கும், பூனைப் பல் ஊசி மாதிரி இறங்கும். மேலே ஒரு புள்ளிதான் தெரியும், தோல் ஒரே நாளில் மூடிக்கொள்ளும், உள்ளே பாஸ்ச்சுரெல்லா என்ற பாக்டீரியா பெருகும். பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் சிவந்து வீங்கி, தொட்டால் சுடும். கெண்டைக்கால் என்பதால் ஓரளவு தப்பித்தீர்கள். விரல் மூட்டிலோ மணிக்கட்டிலோ கடித்திருந்தால் கிருமி தசைநார் உறைக்குள் போய் விரலை மடக்க முடியாமல் செய்துவிடும். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் வீக்கம் இல்லாவிட்டாலும் ஆன்டிபயாடிக் பற்றி டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். சிவப்புக் கோடு ஒன்று தொடைப் பக்கம் ஏறினாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இப்போது பூனை. கடித்த நாளிலிருந்து பத்து நாள் அதை அடைத்து வைத்துக் கவனிக்க வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் மட்டும் பொருந்தும் கணக்கு இது. வெறிநோய் உள்ள பூனையின் எச்சிலில் கிருமி வருவது நோய்க்குறி தெரிவதற்குச் சில நாள் முன்புதான். குறி தெரிந்த பிறகு அது ஒரு வாரம் தாங்குவதே அதிகம். ஆகவே கடித்த பத்தாம் நாளும் சாப்பிட்டுக்கொண்டு ஆரோக்கியமாக இருக்கிற பூனைக்கு, கடித்த அன்று எச்சிலில் கிருமி இருந்திருக்க வழியில்லை. காட்டில் விட்டுவிட்டால் இந்த விடை உங்களுக்கு எப்போதுமே கிடைக்காது. அதோடு 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி, பட்டினியாலோ தாகத்தாலோ வாடும்படி விலங்கைக் கைவிடுவது குற்றமும்கூட. ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஊசி இன்றே தொடங்க வேண்டும், கவனிப்பது கூடவே நடக்க வேண்டும். பத்து நாள் கழித்துப் பூனை நன்றாக இருப்பதை டாக்டரிடம் சொன்னால் மீதி ஊசி வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார்.

இந்தப் பத்து நாளில் எதைப் பார்ப்பது? குரல் கரகரப்பாக மாறுவது, தண்ணீரையோ உணவையோ விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகுவது, பின்னங்கால் தள்ளாடுவது, அசையும் பொருள் அசையாத பொருள் என்ற வித்தியாசமில்லாமல் எதையும் கடிப்பது, எப்போதும் இல்லாதபடி இருட்டில் போய் ஒளிந்துகொண்டு வராமலே இருப்பது. இதில் ஒன்று தெரிந்தாலும் அறைக்குள் யாரும் போகக்கூடாது, கால்நடை மருத்துவருக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியதில் ஒன்று எனக்கு ஆறுதலாகப் பட்டது: மற்றவர்களிடம் ஒழுங்காக இருக்கிறது, அம்மாவிடம் மட்டும்தான் சீறுகிறது. வெறிநோய் அப்படி ஆள் பார்ப்பதில்லை. இதை நம்பி ஊசியை விட்டுவிடச் சொல்லவில்லை, பூனையின் மேல் வைக்கும் பழியைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம் என்கிறேன்.

அப்படியானால் என்ன நடந்தது? உங்கள் கேள்வியின் கடைசி வரியில், போகிற போக்கில், "கொஞ்ச நாளாக வாசற்படியில் ஒரு மூத்திர நாற்றம்" என்று எழுதியிருக்கிறீர்கள். என் பார்வையில் பாதி விடை அங்கேயே இருக்கிறது. ஊர்க் கடுவன் ஒன்று இருட்டும் நேரம் வந்து உங்கள் வாசலில் பீய்ச்சிவிட்டுப் போகிறது. ஜன்னலுக்குள் இருக்கும் உங்கள் கடுவன் அதைப் பார்க்கிறது, மோப்பம் பிடிக்கிறது, கம்பிக்கு அப்பால் எட்ட முடியவில்லை. கண்மணி முழுக்க விரிந்து, காது பக்கவாட்டில் மடங்கி, வால் நுனி தரையில் அடித்துக்கொண்டிருக்கும். அந்த நிலையில் பக்கத்தில் அசைவது எதுவானாலும் எதிரிதான். பால் சொம்பின் சத்தமோ சேலையின் அசைவோ போதும். யார் மேல் கோபமோ அவரை எட்ட முடியாமல் கையில் கிடைத்தவரை அடிப்பது மனுஷருக்குப் புதிதல்ல, பூனைக்கும் அப்படித்தான். வீட்டுப் பூனையின் "திடீர்" பாய்ச்சல்களில், கடி ஆழமாக இருக்கிறவற்றில், இது அடிக்கடி காணப்படும் காரணம்.

இரண்டாவது பாதி, அம்மாவிடம் மட்டும் ஏன் என்பது. பாய்ந்தபோது அம்மா அலறியிருப்பார், சொம்பு விழுந்திருக்கும், யாராவது விளக்குமாற்றை எடுத்திருப்பார்கள். பூனையின் கணக்கில் அந்தப் பயங்கரம் முழுவதும் அம்மாவின் உருவத்தோடு, அம்மாவின் வாசனையோடு ஒட்டிக்கொண்டது. வெளியில் வந்த கடுவனை அது மறந்தே போயிருக்கலாம். இப்போது சீறுவது கோபத்தால் அல்ல, பயத்தால். அதனால்தான் "சமாதானப்படுத்தலாம்" என்று அம்மா கிட்டே போகப் போக நிலைமை கெடும். இந்த விஷயத்தில் மக்கள் செய்யும் பெரிய தவறு அடிப்பதுகூட இல்லை, அவசரப்பட்டுக் கொஞ்சப் போவதுதான். கொதித்த பூனை அடங்கச் சில சமயம் அரை மணி நேரம் ஆகும், சில சமயம் இரண்டு மூன்று நாள். நடுவில் ஒருமுறை கிளறிவிட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

ஆக, வெறிநோய்க்காக அடைத்து வைக்கும் அதே பத்து நாள்தான் பூனையின் மனசு ஆறவும் தேவைப்படும் நாள். ஓர் அறை ஒதுக்குங்கள். புழு வளர்ப்பு மனையில் மட்டும் அடைக்காதீர்கள். அறுவடை முடிந்த மனையில் பிளீச்சிங் பவுடரும் நீற்றுச் சுண்ணாம்பும் கிடக்கும், பாதத்தில் ஒட்டியதைப் பூனை நக்கினால் வாய் வெந்துபோகும். ஓட்டு வீட்டு அறையில் இன்னொரு ஓட்டை உண்டு: சுவர் முடிந்து ஓடு தொடங்கும் இடத்தில் கைத்தலம் நுழையும் சந்து. தலை நுழைந்தால் பூனை முழுதும் நுழைந்துவிடும். கோழி வலையோ மடித்த சாக்கோ வைத்து அதை முதலில் அடையுங்கள். ஜன்னலுக்குத் திண்டிலிருந்து இரண்டடி உயரத்துக்குச் செய்தித்தாள் ஒட்டுங்கள், வெளிச்சம் மேலே வரட்டும். ஒரு பழைய பேசினில் மூன்று விரல் ஆழம் காய்ந்த மணல், எதிர் மூலையில் தண்ணீர், அதிலிருந்து தள்ளி உணவு. பூனை தின்னும் இடத்துக்குப் பக்கத்தில் கழிக்காது. படுக்கை வைத்துக் கவிழ்த்த அட்டைப்பெட்டி ஒன்று, ஏறி உட்கார ஒரு மேசை அல்லது பரண். விளக்கு அணைந்திருக்கட்டும். முதல் நாள் உணவு வைக்கவும் மணல் அள்ளவும் மட்டும், பூனை சீறாத ஆள் ஒருவர் போனால் போதும். எச்சில் பட்ட தட்டைக் கையுறையோடு எடுத்துச் சோப்பில் கழுவுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

அறைக்குள் கொண்டுபோவது எப்படி என்பீர்கள். தூக்காதீர்கள். கதவைத் திறந்து உள்ளே உணவை வைத்துவிட்டு மற்ற வழிகளை மூடிவிட்டால் அதுவே போகும். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் நம் வீட்டு முறம் அருமையான கேடயம். முழங்காலுக்குக் கீழே முறத்தைச் செங்குத்தாகப் பிடித்து, நேராகக் கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டில் அடி அடியாக நகர்ந்தால் பூனை ஒதுங்கிப் போகும். தலையணையும் ஆகும். கத்துவது, தண்ணீர் தெளிப்பது, விளக்குமாறு மூன்றும் வேண்டாம், மூன்றுமே பயத்தைக் கூட்டும். கையைக் கடித்துக்கொண்டு விடவில்லையென்றால் இழுக்காதீர்கள், இழுத்தால் பல் கொக்கி மாதிரி சதையைக் கிழிக்கும். கையை அதன் வாய்ப் பக்கமே லேசாகத் தள்ளினால் பிடி தளரும், அந்த நொடியில் தடித்த துண்டை மேலே போடுங்கள்.

அம்மாவை மறுபடி அறிமுகப்படுத்துவதற்குத் தேதி குறிக்க முடியாது, பூனையைப் பார்த்துத்தான் நகர வேண்டும். பூனை தானாக உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறது, வயிறு நிறையத் தின்கிறது, மற்றவரைக் கண்டு வாலைத் தூக்குகிறது என்றால் தொடங்கலாம். முதலில் அம்மா கட்டிய பழைய சேலைத் துண்டைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் போடுங்கள். அதை முகர்ந்துவிட்டு நிம்மதியாகத் தின்றால் அடுத்த படி: கதவு ஒரு சாண் திறந்திருக்க, வெளியே பத்தடி தள்ளி அம்மா பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருக்கட்டும், பூனையைக் கூப்பிட வேண்டாம், பார்க்கவும் வேண்டாம். அந்த நேரத்தில் மட்டும் பூனைக்கு விசேஷமான தீனி. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை ஜிலேபி மீன் கிடைத்தால் உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, விரல்நுனி அளவுத் துண்டுகள் எட்டோ பத்தோ. அம்மா எழுந்து போனதும் மீனும் நின்றுவிட வேண்டும். அம்மா என்றால் மீன் என்று பழைய கணக்கின் மேல் புதுக் கணக்கு எழுதுவதுதான் இதன் சூட்சுமம். நாளுக்கு இரண்டு தடவை, ஐந்தைந்து நிமிடம். தின்பதை நிறுத்திவிட்டு முறைத்தால் அல்லது காது பின்னால் போனால் அன்றைக்கு அவ்வளவுதான், மறுநாள் இன்னும் ஐந்தடி தள்ளி உட்காருங்கள். தட்டில் தலையைப் புதைத்துத் தின்றால் மறுநாள் ஓரடி கிட்டே. தொடுவது, தடவுவது எல்லாம் பத்து நாள் முடிந்த பிறகு, அதுவும் பூனையே வந்து காலில் உரசினால்.

வெளியே வரும் கடுவனைக் கவனிக்காமல் இதெல்லாம் செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது. அது ஏன் வருகிறது? திண்ணையில் மிச்சச் சோறு இருக்கும், கோழிக்கு வைத்த தவிடு இருக்கும், பக்கத்தில் பருவத்துக்கு வந்த பெட்டைப் பூனை இருக்கலாம். பொழுது சாய்வதற்கு முன் தட்டுகளை உள்ளே எடுத்துவிடுங்கள். நாற்றம் இருக்கும் படியைச் சலவைத்தூள் கரைத்த வெந்நீரில் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவிடுங்கள், இரண்டு மூன்று நாள் தொடர்ந்து. நகரத்துக் கடைகளில் செல்லப்பிராணி மூத்திர நாற்றத்துக்கென்று விற்கும் என்சைம் திரவம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஃபினாயில் கூடாது. வெள்ளையோ கருப்போ, அதில் இருக்கும் பைன் எண்ணெயையோ ஃபீனாலையோ பூனையின் ஈரலால் சரியாக உடைக்க முடியாது. ஈரப் படியில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே நாக்கில் புண் வரும், அதிகமானால் உயிருக்கே ஆபத்து. நாய் இருக்கும் வீட்டில் பழகிவிட்டு அதே கையோடு பூனை இருக்கும் வீட்டிலும் ஊற்றுகிறவர்கள் ஏராளம்.

உங்கள் கடுவனுக்குக் கருத்தடை செய்வது அவசியம் என்பேன். கவனிப்புக் காலம் முடிந்த பிறகு செய்யுங்கள். விதை எடுத்த பிறகு ஹார்மோன் வடிய நாலைந்து வாரம் ஆகலாம், மறுநாளே சாதுவாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் ஊர் சுற்றுவதும், சண்டையும், பீய்ச்சுவதும் பெரும்பாலான கடுவன்களில் வெகுவாகக் குறையும். எலி பிடிக்காது என்று பயப்படுகிறார்கள். எலி பிடிப்பதற்கும் விதைக்கும் தொடர்பில்லை, பிடிக்கும்.

இவ்வளவும் சொன்னாலும், வலி என்ற காரணத்தைத் தள்ளிவைக்காதீர்கள். பூனை நாய் மாதிரி முனகி வலியைக் காட்டாது. ஒளிந்துகொள்ளும், தொட்டால் கடிக்கும். உங்கள் பூனையின் நிலையில் முதல் சந்தேகம் சீழ்க்கட்டி. கடுவனோடு கடுவன் சண்டையிட்டால் நான் மேலே சொன்ன அதே ஊசிக்கடிதான் அதற்கும். இரண்டிலிருந்து நாலு நாள் கழித்து வால் அடியிலோ, கன்னத்திலோ, முன்னங்காலிலோ எலுமிச்சை அளவு வீங்கும், மயிர் ஒட்டிக்கொண்டு நாற்றம் அடிக்கும், காய்ச்சலில் சுருண்டு கிடக்கும். தள்ளி நின்றே பாருங்கள்: நடை சாய்கிறதா, ஒரு பக்கமாக மெல்லுகிறதா, தலையை ஆட்டிக் காதைப் பிறாண்டுகிறதா. பல் ஈறு அழுகியிருந்தால் ஆசையாகத் தட்டுக்கு வந்து ஒரு வாய் எடுத்ததும் கத்திவிட்டு ஓடும்.

ஆண் பூனையில் ஒரு அவசரம் உண்டு. மணல் பேசினுக்குத் திரும்பத் திரும்பப் போய், குந்தி முக்கி, ஒரு சொட்டு வந்தும் வராமலும், கத்தி, குறியை நக்கிக்கொண்டே இருந்தால் மூத்திரத்தாரை அடைத்திருக்கிறது. ஒரு நாள் தாண்டினால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுவிடலாம். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு நேரம் போக்குகிறவர்கள் உண்டு. ஈர மணல் உருண்டை தினமும் எத்தனை என்று எண்ணுங்கள். அடைத்து வைத்திருப்பதால் இதைக் கவனிப்பது சுலபம்.

பத்து வயது தாண்டிய பூனை ஒன்று திடீரென்று முரட்டுத்தனமாகி, பசி அதிகரித்தும் மெலிந்துகொண்டே போனால் தைராய்டு பார்க்க வேண்டும். கண்மணி இரண்டும் எப்போதும் விரிந்தே இருந்து, பொருளில் முட்டிக்கொண்டால் ரத்த அழுத்தத்தால் பார்வை போயிருக்கலாம், தெரியாமல் தொட்டால் பதறிக் கடிக்கும். நம் பக்கம் பால் சோறே ஆகாரம் என்று வளர்ப்பதால் வரும் டாரின் சத்துக் குறைவும் கண்ணைக் கெடுக்கும். கறி, மீன், முட்டை ஏதாவது ஒன்று தினமும் வேண்டும். மீனைப் பச்சையாகவே நாள் கணக்கில் போட்டாலும் தொல்லை: சில மீன்களில் தயமின் சத்தை அழிக்கும் பொருள் இருக்கிறது, தலை கீழே தொங்கி வலிப்பு வரும். வேகவைத்துவிட்டால் அந்தப் பயமில்லை.

தக்காளித் தோட்டமும் மாடும் சூழ்ந்த ஊர் என்பதால் விஷத்தையும் சொல்லிவிட வேண்டும். மாட்டு உண்ணிக்கு அடிக்கும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், நாய்க்குப் பிடரியில் ஊற்றும் பெர்மெத்ரின், இவை பூனைக்கு நஞ்சு. காது துடிக்கும், தோல் நடுங்கும், தொட்டால் துள்ளும், பிறகு வலிப்பு. தோட்டத்துப் பூச்சிமருந்து பட்டிருந்தால் எச்சில் ஒழுகி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கலாம். மேலே பட்டது என்று தெரிந்தால் வெதுவெதுப்பான தண்ணீரிலும் பாத்திர சோப்பிலும் கழுவித் துவட்டி நேராக டாக்டரிடம், மருந்து டப்பாவையும் கையோடு. எச்சில் ஒழுகுவது வெறிநோயிலும் வரும் என்பதால், பத்து நாளுக்குள் அப்படி ஆனால் கழுவும் வேலையை நீங்கள் செய்யாதீர்கள், வெறுங்கையால் தொடவும் கூடாது. இன்னொன்று, காய்ச்சலாக இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும், ஈறு பழுப்பாகி மூச்சுத் திணறிச் சாகும்.

டாக்டரிடம் கொண்டுபோக இரண்டு பிளாஸ்டிக் காய்கறிக் கூடையை ஒன்றன் மேல் ஒன்று கவிழ்த்துக் கயிற்றால் கட்டினால் போதும், உள்ளே அதன் படுக்கைத் துணி, மேலே போர்வை. இருட்டில் பூனை அடங்கும். சாக்கு வேண்டாம், வெயிலில் மூச்சு முட்டும். அரசு கால்நடை மருந்தகத்தில் காலையில் மாட்டுக் கூட்டம் இருக்கும், முதல் வார்த்தையாகவே "மனுஷரைக் கடித்த பூனை, ஊசி போடாதது, இன்று இத்தனையாவது நாள்" என்று சொல்லிவிடுங்கள், கையுறை போட்டுப் பார்ப்பார்கள். வண்டி கிடைக்கவில்லையென்றால் 1962 எண்ணில் கேட்டுப் பாருங்கள். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே வேண்டுமென்றால் சேலம் தாண்டி நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு கிட்டம். போனில் எடுத்த வீடியோ ஒரு நிமிடம் இருந்தால் நீங்கள் பத்து நிமிடம் சொல்வதைவிட உதவும். மேசையில் வைத்ததும் பூனை கல் மாதிரி உறைந்துவிடும், வீட்டில் செய்தது எதையும் அங்கே செய்யாது. பயம் அதிகம் என்றால் பயணத்துக்கு முன் கொடுக்க காபாபென்டின் எழுதித் தரலாம். நீண்ட நாள் தொல்லைக்கு ஃப்ளூவாக்சடின் தருவதும் உண்டு, அது வேலை செய்ய நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். இரண்டும் எடைக்குத் தக்க அளவு, மனுஷர் மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் சமாச்சாரம் அல்ல.

உங்கள் கேள்விக்கு வெளியே, படிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு வரி. ஒரு வயதுக்குள் தனியாக வளரும் குட்டி மறைந்திருந்து கணுக்காலைப் பிடித்தால் அது விளையாட்டு, கையை ஆட்டி விளையாடப் பழக்கியது நம் தவறு. குச்சியில் கயிறு கட்டி நாளுக்கு இரண்டு முறை பத்து நிமிடம் ஓடவிட்டால் கால் தப்பிக்கும். தடவிக்கொண்டிருக்கும்போதே கடித்தால் முதுகுத்தோல் சிலிர்த்ததையும் வால் அடித்ததையும் கவனிக்கவில்லை என்று அர்த்தம். குட்டி போட்ட பெட்டை சீறினால் விலகிப் போங்கள், சில வாரத்தில் சரியாகிவிடும். இரண்டு பூனையில் ஒன்று ஆஸ்பத்திரி போய் வந்ததும் மற்றது அடித்தால் மருந்து வாசனைதான் காரணம், ஒரு நாள் தனி அறை, இரண்டையும் ஒரே துணியால் துவட்டிய பிறகு சேர்த்து விடலாம்.

பத்து நாளுக்குள் உங்கள் பூனைக்கு வெறிநோய் ஊசி போடாதீர்கள், ஊசியால் வரும் சோர்வும் நோய்க்குறியும் குழம்பிவிடும். பதினோராம் நாள் நன்றாக இருந்தால் போடுங்கள், பிறகு டாக்டர் சொல்லும் கணக்கில் வருடா வருடம். பூனை வெளியே போய்ச் சண்டை போடுகிற வரை இதில் அசந்துவிடக் கூடாது. புதிதாகக் குட்டி வாங்கினால் மூன்று மாதத்தில் முதல் ஊசி. உலக வெறிநோய் நாளான செப்டம்பர் 28ஐ ஒட்டிப் பல கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடக்கும், விசாரித்து வையுங்கள்.

ஜன்னல் தாளை எல்லாவற்றுக்கும் கடைசியில் எடுங்கள். அம்மாவும் பூனையும் ஒரே அறையில் நிம்மதியாக இருந்து ஒரு வாரம் ஆன பிறகு, பகலில், மேலிருந்து நாலு விரல் அகலம். ஊர்க் கடுவன் வரும் நேரத்தில் பூனை திண்டில் ஏறி வாலை அடித்தால் யாரும் பக்கத்தில் போக வேண்டாம், கைதட்டவும் வேண்டாம். விளக்கை அணைத்துவிட்டு, சமையலறையில் அதன் தட்டை ஒரு தட்டு தட்டிவிட்டு வந்துவிடுங்கள். இறங்கி வந்தால் சரி. வராவிட்டால் மறுநாள் காலையில் தாளை மறுபடி ஒட்டுங்கள்.